அடுத்த கப்பலில் பேர் இருக்கு

நேற்று மத்தியானம் அம்மாவும் நானும் சேர்ந்து கட்டிலுக்கு அடியிலிருந்து அந்த டிரங்குப் பெட்டியை இழுத்தோம், அப்பா. பூட்டு போட்டது போட்டபடி தொங்கிக்கொண்டிருந்தது. மூடியின் இடுக்கு வழியாக ஒரு வாசனை வந்தது. அந்துருண்டையும் பழைய கம்பளியும் கலந்த வாசனை, அதற்கும் அடியில் லேசாகப் புளித்த மாவின் வாசனை. ஒன்பது வருஷமாகப் பூட்டிக் கிடந்த தகரப் பெட்டிக்குள் ஈஸ்ட் வாசனை எப்படி இருக்கும் என்று யாராவது கேட்டால் எனக்குப் பதில் தெரியாது. ஆனால் வந்தது.

வீட்டைக் காலி செய்கிறோம். நாயுடுபுரத்தில் நாம் இருந்த இந்த வரிசை வீடுகளை இடித்துவிட்டு வீட்டுக்காரர் ஹோம்ஸ்டே கட்டப்போகிறாராம். அம்மாவை என்னோடு பெங்களூருக்குக் கூட்டிப்போகிறேன். அவளுக்கு வர இஷ்டமில்லை, எனக்கு அவளைத் தனியாக விட இஷ்டமில்லை. அதை நேராகப் பேசத் தெரியாமல் இரண்டு பேரும் மூன்று நாளாக அண்டாவுக்கும் குண்டாவுக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறோம். நீங்கள் இருந்தால் இரண்டு பக்கமும் தலையாட்டிவிட்டு டீ குடிக்கக் கிளம்பியிருப்பீர்கள்.

சாவி எங்கே என்று அம்மா கேட்டாள். சாவி என் கைப்பையின் உள்ஜிப்பில் இருந்தது. ஒன்பது வருஷமாக அங்கேதான் இருக்கிறது. பை மாறும்போதெல்லாம் அதுவும் கூடவே மாறும். ஆனாலும், தேடிப் பார்க்கிறேன் என்றுதான் சொன்னேன். இதே பெட்டிக்காக இதே வீட்டில் இதற்கு முன்னும் ஒரு தடவை இந்தப் பொய்யைச் சொல்லியிருக்கிறேன். அது உங்களுக்குத் தெரிய வாய்ப்பில்லை, அப்போது நீங்கள் வெளியே வாசலில் கிடத்தப்பட்டிருந்தீர்கள்.

உங்களைப் பற்றி ஏற்கெனவே ஒரு கடிதம் எழுதியிருக்கிறேன். உங்கள் பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறுநாள் எழுதியது. கடலுக்கு அந்தப் பக்கம், உங்களைக் கண்ணால் பார்க்காத நாலைந்து பேர் அதைப் படித்தார்கள். நன்றாக எழுதியிருந்தேன், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் அதில் ஒரு இடத்தில் பொய் இருக்கிறது. அதைத் திருத்தத்தான் இப்போது உட்கார்ந்திருக்கிறேன்.

நீங்கள் ரொட்டி சுட்ட பள்ளிக்கூடத்தில்தான் நான் படித்தேன். மலைமேல் பெரிய ஹாஸ்டல் பள்ளி, வேலை பார்க்கிறவர்களின் பிள்ளைகளுக்குச் சலுகை உண்டு. என்னோடு படித்த பிள்ளைகள் பன்னிரண்டாம் வகுப்பு வந்ததும் அமெரிக்கா, கனடா என்று பேச ஆரம்பித்தார்கள். எனக்கும் ஆசை தொற்றிக்கொண்டது. மேற்படிப்புக்கு வழிகாட்டும் கவுன்சலர் மேடம் அமெரிக்காவில் ஒரு கல்லூரியைக் காட்டினார். நம்மைப் போன்ற வீட்டுப் பிள்ளைகளுக்கு முழுச் செலவையும் அவர்களே ஏற்பார்கள். மற்றவர்களுக்கு முன்னாலேயே, நவம்பரில், அந்த ஒரே கல்லூரிக்கு விண்ணப்பித்தால் டிசம்பர் நடுவில் பதில் வந்துவிடும். அந்த நவம்பர் முழுக்க நான் எழுதிய கட்டுரைகளை நீங்கள் கையில் வாங்கி, படிக்கத் தெரியாத இங்கிலீஷை மேலிருந்து கீழ் வரை ஒருமுறை பார்த்து, மாவுக் கறை படாமல் ஓரத்தைப் பிடித்துத் திருப்பிக் கொடுப்பீர்கள்.

பதில் வருகிற நாள் நன்றாக நினைவிருக்கிறது. அங்கே சாயங்காலம் என்றால் நமக்கு விடியற்காலை. பள்ளி குளிர்கால விடுமுறைக்கு மூடிவிட்டதால் நீங்கள் பஜாரில் ஒரு பேக்கரியில் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தீர்கள். கிறிஸ்துமஸ் கேக் நேரம், நாலரைக்கெல்லாம் அடுப்பு முன்னால் நிற்க வேண்டும். அன்றைக்கு நீங்கள் நேரத்துக்குப் போகவில்லை. நம் வரிசையில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில்தான் போனுக்கு சிக்னல் ஒழுங்காக வரும். அங்கே நான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றேன், நீங்கள் டீ டம்ளரைப் பிடித்துக்கொண்டு நின்றீர்கள்.

வந்தது. மூன்று தடவை படித்தேன்.

"என்ன பாப்பா சொல்றாங்க?"

"தள்ளி வச்சிருக்காங்கப்பா."

"இல்லைன்னு சொல்லிட்டாங்களா?"

"இல்லைன்னும் சொல்லல. மார்ச் கடைசியில மத்தவங்களோட சேத்து மறுபடியும் பாப்பாங்களாம்."

நான் அழவில்லை. அழலாமா கூடாதா என்று எனக்குப் பிடிபடவில்லை. நீங்கள் ஆறிப்போன டீயை ஒரு மடக்கில் குடித்தீர்கள். பிறகு, ரொம்ப நாளைக்கு முன்னால் பார்த்த ஒருவரை அடையாளம் கண்டுகொண்டவர் முகத்தோடு, "அப்ப அடுத்த கப்பல்ல பேர் இருக்கு, அவ்வளவுதான்" என்றீர்கள். அதைச் சொல்லிவிட்டு வேகமாக இறக்கத்தில் நடந்துபோனீர்கள்.

அது உங்கள் வாழ்க்கையிலிருந்து வந்த பேச்சு. நீங்கள் இலங்கையில் தேயிலைத் தோட்டத்து லயத்தில், கூலிக்காரர்களின் வரிசை வீட்டில், பிறந்தவர். ஒன்பது வயதில் கப்பலேறி வந்தவர். கரண்ட் போனால் இந்தக் கதைதான் சொல்வீர்கள். இந்தியாவுக்குத் திரும்பிப்போக எழுதிக் கொடுத்தவர்களின் பேரை, காலையில் ஆள் எண்ணுகிற பெரட்டுக் களத்தில் வைத்துக் கணக்கப்பிள்ளை வாசிப்பாராம். இந்த மாதம் பத்துக் குடும்பம், அடுத்த மாதம் நாலு குடும்பம் என்று. வாசித்தால் நாலு நாளில் கிளம்ப வேண்டும். அதனால் எல்லா வீட்டிலும் பெட்டி கட்டித் தயாராக இருக்கும். கட்டிய பெட்டியைத் திறக்கக் கூடாது, அதிலிருந்து ஒன்றையும் வெளியே எடுக்கக் கூடாது. உங்கள் அப்பா அவசரத்துக்கு ஒரு தடவை எடுத்துவிட்டார். பக்கத்து லயத்தில் கல்யாணம், உடுத்திக்கொள்ள நல்ல வேட்டி பெட்டிக்குள் இருந்தது. அந்த மாதம் அவருடைய தம்பி குடும்பத்தின் பேர் வந்தது, நம் பேர் வரவில்லை. இன்னும் இரண்டு வருஷம் ஆனது. அதற்குள் தம்பி குடும்பத்தை நீலகிரிப் பக்கம் அனுப்பிவிட்டார்கள். அண்ணனும் தம்பியும் அதற்கப்புறம் பார்த்துக்கொள்ளவே இல்லை.

வேட்டிக்கும் பேருக்கும் என்ன சம்பந்தம் என்று சின்ன வயதில் நான் கேட்டிருக்கிறேன். நீங்கள் பதிலைத் தயாராக வைத்திருந்தீர்கள். "எடுத்தா, போக மனசில்லைன்னு அர்த்தம். போக மனசில்லாதவன் பேர யாரு வாசிப்பா?"

அந்தக் கல்லூரிப் பதில் வந்த அன்று சாயங்காலம், கப்பலில் வந்த அதே டிரங்குப் பெட்டியைக் கீழே இறக்கித் துடைத்தீர்கள். மூடியின் உள்பக்கம் கப்பலேறும்போது சுண்ணாம்புக் கட்டியால் எழுதிய எண் அழியாமல் இருந்தது. அதற்குள் முதலில் இரண்டு துண்டு வைத்தீர்கள். அடுத்த நாள் ஒரு எவர்சில்வர் டம்ளர். அப்புறம் ஆடலூர் மிளகு ஒரு டப்பா, சுக்குப்பொடி, கம்பளிச் சாக்ஸ் இரண்டு ஜோடி. ஒவ்வொரு நாளும் வேலை முடிந்து வரும்போது ஏதாவது ஒன்று. எனக்கு எரிச்சலாக இருந்தது. விமானத்தில் யாரும் டிரங்குப் பெட்டி கொண்டுபோக மாட்டார்கள் என்றேன். இன்னும் இடமே கிடைக்கவில்லை, அதற்குள் என்ன பெட்டி என்றேன். நான் பிசிக்ஸ் படிக்கிறவளாக்கும் என்ற திமிர் வேறு. நீங்கள் எல்லாவற்றுக்கும் "இருக்கட்டும் பாப்பா, அது பாட்டுக்குக் கெடக்கு" என்பீர்கள்.

கிறிஸ்துமஸுக்கு மறுநாள் உங்களுடைய பழுப்பு ஸ்வெட்டரை மடித்து வைத்தீர்கள். ஓய்வு பெற்றுப் போன ஒரு டீச்சரம்மா அவருடைய வீட்டுக்காரரின் ஸ்வெட்டரை உங்களுக்குக் கொடுத்துவிட்டுப் போனார். கனமான கம்பளி, கழுத்து வரை பொத்தான். அடுப்புச் சூட்டில் வேர்த்துப்போய் வெளியே வரும்போது அதைத்தான் மாட்டிக்கொள்வீர்கள். அது ஒன்றுதான் உங்களிடம் இருந்த நல்ல ஸ்வெட்டர். அம்மா சத்தம் போட்டாள். அதற்கு நீங்கள், "இங்க உள்ள குளிரு எனக்குப் பழக்கம். அங்க உள்ள குளிரு பாப்பாவுக்குப் புதுசு" என்றீர்கள்.

அந்த வாரத்தில்தான் நான் மாறினேன். எப்படி மாறினேன் என்று இன்றைக்கும் யோசிக்கிறேன். என் வகுப்பில் இன்னொரு பையனுக்கு வேறொரு கல்லூரியில் கிடையாது என்று நேராகவே சொல்லிவிட்டார்கள். அவன் ஒரு நாள் போனில் அழுதான், மறுநாளே வேறு இடங்களுக்கு விண்ணப்பம் எழுத ஆரம்பித்துவிட்டான். அவனைப் பார்த்து எனக்குப் பொறாமையாக இருந்தது. இல்லை என்ற பதிலோடு ஒருவர் வாழ்ந்துவிடலாம். எனக்கு வந்ததை வைத்துக்கொண்டு என்ன செய்வது? படுத்தால் தூக்கமில்லை, புத்தகத்தைப் பிரித்தால் எழுத்து நிற்கவில்லை. நான் எழுதிய கட்டுரையில் எந்த வரி தப்பு என்று ஒவ்வொன்றாகத் தோண்டினேன். தொட்டிக்குப் போய் போனைப் பார்ப்பது ஒரு நாளைக்குப் பத்துத் தடவை ஆனது. மார்ச்சில்தான் பதில் என்று தெரியும், தெரிந்துகொண்டே போவேன். வலதுகாலை முதலில் வைத்துப் படியேறினால் நல்லது என்று தோன்றியது. அதற்கப்புறம் இடதுகாலை வைக்கப் பயமாக இருந்தது.

செய்வதற்கு எதுவுமே இல்லாத இடத்தில் உங்கள் பெட்டி ஒன்றுதான் செய்வதற்கு இருந்தது. நானே அதில் என் பேனா டப்பாவை வைத்தேன். அம்மா ஒருநாள் சுக்குப்பொடியை எடுக்கப்போனபோது அலறிக்கொண்டு ஓடித் தடுத்தேன். பெட்டிக்குப் பூட்டு வேண்டும் என்று கேட்டதும் நான்தான். பஜாரிலிருந்து புதுப் பூட்டு வாங்கிவந்து, நீங்களே பூட்டி, சாவியை என் உள்ளங்கையில் வைத்தீர்கள்.

"இந்தா. உன் பெட்டி, உன் சாவி."

கவுன்சலர் மேடம் போனில் ஒரு விஷயம் சொல்லியிருந்தார். தள்ளி வைக்கப்பட்டவர்கள் பிப்ரவரியில் கல்லூரிக்கு ஒரு கடிதம் எழுதலாம். இன்னும் எனக்கு வர ஆசைதான் என்று சொல்லி, விண்ணப்பித்ததற்குப் பிறகு புதிதாக நடந்ததை எழுத வேண்டும். எனக்குப் புதிதாக ஒன்றும் நடக்கவில்லை. பரிசு வாங்கவில்லை, பேப்பரில் பேர் வரவில்லை, மலையில் பனி விழுந்தது, அவ்வளவுதான். வெறும் தாளை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்த என்னைப் பார்த்து நீங்கள், ஏதாவது நடக்கும், நடந்ததும் எழுது என்றீர்கள்.

இனி அந்தக் காலை.

ஜனவரியில் ஒரு நாள். வெளியே புல்லெல்லாம் உறைந்து வெள்ளையாகக் கிடந்தது, குழாயில் தண்ணீர் வரவில்லை. பத்து நாளாக உங்களுக்கு இருமல். மாவுத் தூசியில் நின்று நின்று ஏற்கெனவே நெஞ்சு சரியில்லை. ஜிப் பிய்ந்துபோன ஒரு ஜெர்க்கினை ஊக்கு குத்திப் போட்டுக்கொண்டு பஜார் வரை நடந்து போய்க்கொண்டிருந்தீர்கள். நான் முழித்துக்கொண்டுதான் படுத்திருந்தேன். அம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். நீங்கள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து குனிந்தீர்கள். உங்கள் மூச்சு விசில் அடித்தது.

"பாப்பா. அந்த ஸ்வெட்டர இன்னைக்கு ஒரு நாளைக்கு மட்டும் எடுத்துக்கவா? சாயங்காலம் வந்ததும் வச்சிர்றேன்."

சாவி என் தலையணைக்குக் கீழே இருந்தது. நான் சொன்னது இதுதான், ஒரு எழுத்துக்கூட மாற்றாமல் எழுதுகிறேன்.

"எடுத்தா பேர் தள்ளிப் போகும்னு நீங்கதானப்பா சொன்னீங்க."

நீங்கள் நிமிர்ந்தீர்கள். இருட்டில் முகம் தெரியவில்லை, அதனால் உங்களுக்குக் கோபமா வருத்தமா என்று எனக்கு இந்த ஜென்மத்தில் தெரியப்போவதில்லை. "ஆமா, நாந்தான் சொன்னேன்" என்றீர்கள். குரலில் சிரிப்பு இருந்த மாதிரிதான் இருந்தது. மப்ளரைச் சுற்றிக் கட்டிக்கொண்டு கதவைத் திறந்தீர்கள். "வெரசா எந்திரிச்சுக் கதவச் சாத்திக்க பாப்பா, குளிரு உள்ள வருது." நான் எழுந்து சாத்தினேன்.

அதற்குப் பிறகு நாலைந்து நாள் வேலைக்குப் போனீர்கள். அப்புறம் காய்ச்சல். காய்ச்சலோடு இரண்டு நாள். மூன்றாம் நாள் பேக்கரியில் தட்டைத் தூக்கமுடியாமல் உட்கார்ந்துவிட்டீர்கள் என்று ஆட்டோவில் கொண்டுவந்து விட்டார்கள். இங்கே ஆஸ்பத்திரியில் நெஞ்சில் சளி நிறைந்துவிட்டது, கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள் என்றார்கள். ஆம்புலன்ஸில் அம்மா உங்கள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள், நான் தலைமாட்டில். பெருமாள்மலை வரைக்கும் மூடுபனி. நீங்கள் நடுங்கிக்கொண்டே வந்தீர்கள். இரண்டு போர்வை போட்டும் நடுக்கம் நிற்கவில்லை. மலை இறங்கி வத்தலகுண்டைத் தாண்டியதும் வெக்கை அடித்தது. நீங்கள் கண்ணைத் திறந்து என்னைத் தேடிப் பார்த்து, "இப்பக் குளிரல பாப்பா" என்றீர்கள். எனக்கு ஆறுதல் சொல்வதற்காகச் சொன்னீர்களா, நிஜமாகவே குளிரவில்லையா? அதற்கப்புறம் நீங்கள் பேசவில்லை. மூன்றாம் நாள் எல்லாம் முடிந்துபோனது.

டாக்டரிடம் நான், குளிரினால்தானா என்று மட்டும் கேட்டேன். பல வருஷமாகக் கெட்டுப்போன நுரையீரல், இந்தக் குளிரில் இல்லாவிட்டால் அடுத்த குளிரில் வந்திருக்கும் என்றார். அடுத்த குளிர் என்றால் ஒரு வருஷம். அந்த ஒரு வருஷத்தை நான் எத்தனையோ விதமாக வாழ்ந்து பார்த்திருக்கிறேன்.

உங்களை மேலே கொண்டுவந்தோம். குளிப்பாட்டி வேட்டி கட்டியாயிற்று. மழைத்தூறல் வேறு. அம்மா கூட்டத்திலிருந்து எழுந்து உள்ளே வந்தாள். அழுது அழுது குரலே இல்லை. "பாப்பா, அந்த ஸ்வெட்டர எடும்மா. போட்டு அனுப்புவோம். குளிருமே அவருக்கு" என்றாள்.

சாவி என் சுடிதார் பாக்கெட்டில் இருந்தது. கை அதைப் பிடித்துக்கொண்டிருந்தது. "சாவியக் காணோம்மா, தேடிப் பாக்கணும்" என்றேன்.

அப்போது என் மனதில் என்ன இருந்தது என்று இந்தக் கடிதத்திலாவது சொல்லிவிட வேண்டும். துக்கம் இருந்தது. அதோடு கூடவே, மார்ச் இன்னும் வரவில்லை என்பதும் இருந்தது. நீங்கள் வாசலில் கிடக்கிறீர்கள், நான் உள்ளே நின்று பேர் வருமா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். என்னை நான் வெறுக்க வேறு காரணமே தேவையில்லை.

பத்தாம் நாளோ என்னவோ, பஜாரில் பழைய ஸ்வெட்டர் விற்கும் பாய் துக்கம் கேட்க வந்தார். உங்களுக்கு அவர் பழக்கம். நல்ல மனுஷன், நடந்ததைச் சொல்லிவிட்டுப் போனார், அது என்னை என்ன செய்யும் என்று அவருக்குத் தெரியாது. ஜனவரியில் ஒரு நாள் நீங்கள் அவர் கடைக்குப் போய் ஒரு ஸ்வெட்டரைப் போட்டுப் பார்த்தீர்களாம். எடுத்துக்கங்க, பிறகு பார்த்துக்கலாம் என்று அவர் சொல்லியும் கழற்றி மடித்துத் திருப்பிக் கொடுத்தீர்களாம். "என்கிட்ட ஒண்ணு இருக்கு பாய், கொஞ்சம் தள்ளிக் கெடக்கு, அவ்வளவுதான்" என்றீர்களாம். பாய்க்கு அது என்னவென்றே விளங்கவில்லை. அம்மா தலையைக் குனிந்துகொண்டாள். நான் டீ போடப் போவதாகச் சொல்லி எழுந்தேன்.

பதினாறாம் நாள் முடிந்தது. பள்ளி திறந்திருந்தது. கவுன்சலர் மேடம் என்னைக் கூப்பிட்டு, எழுதித்தான் ஆக வேண்டும் என்றில்லை, எழுதினால் படிப்பார்கள் என்று மட்டும் சொன்னார். அந்தக் காகிதத்தில் நிரப்ப இப்போது என்னிடம் புதிதாக ஒன்று நடந்திருந்தது. நான் உட்கார்ந்து எழுதினேன். லயத்தையும் பெரட்டுக் களத்தையும் எழுதினேன். பேருக்காகக் காத்திருந்த பெட்டியை எழுதினேன். துண்டு, டம்ளர், மிளகு, எல்லாம் எழுதினேன். ஸ்வெட்டர் பற்றி எழுதும் இடம் வந்தபோது கை ஒரு நிமிஷம் நின்றது. பிறகு இப்படி எழுதினேன்: பனி உறைந்த காலையில், ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொள்ளுங்கள் என்று நான் அப்பாவைக் கெஞ்சினேன், எடுத்தால் என் பெயர் தள்ளிப்போகும் என்று சொல்லி அவர் மறுத்துவிட்டார்.

ஒரே வாக்கியம். யார் கேட்டார்கள், யார் மறுத்தார்கள் என்பதை மட்டும் இடம் மாற்றி வைத்தேன். மேடம் அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

மார்ச் கடைசியில் விடியற்காலை அதே தொட்டிக்குப் பக்கத்தில் தனியாக நின்று பார்த்தேன். பேர் வந்திருந்தது. முழுச் செலவையும் ஏற்பதாக எழுதியிருந்தார்கள். என் கடிதம் தங்களை உலுக்கிவிட்டது என்று கீழே ஒருவர் தனியாக ஒரு வரி சேர்த்திருந்தார். போனை அணைத்துவிட்டு வீட்டுக்கு வந்தேன். அம்மா என்ன என்று கேட்டதற்கு, கிடைத்துவிட்டது என்றேன்.

போனேன். படித்தேன். உண்மையிலேயே அங்கே பனி கட்டி கட்டியாகத்தான் விழும், அப்பா. நீங்கள் சொன்னபடி அந்தக் குளிர் எனக்குப் புதுசு. கல்லூரியில் கொடுத்த கோட்டைப் போட்டுக்கொண்டு நாலு வருஷத்தை ஓட்டினேன். அங்கே உள்ளவர்கள், அப்பாவைப் பற்றி நீ எழுதியது நினைவிருக்கிறது என்று ஒருவர் மாற்றி ஒருவர் சொல்வார்கள். நான் நன்றி சொல்வேன். நான் எடுத்துக் கொடுத்திருந்தால் பேர் வந்திருக்குமா என்ற கேள்வி அப்போதும் வரும். இப்போதும் வருகிறது. பிசிக்ஸ் படித்து முடித்தவளுக்கு வரலாமா? வருகிறது. நீங்கள் பிழைத்திருந்தால் அந்தக் கடிதத்தில் எழுத ஒன்றும் இருந்திருக்காது. அந்த யோசனையை நான் பாதியிலேயே விட்டுவிடுவேன், முழுக்க யோசிக்கத் தைரியம் இல்லை.

நேற்றைக்கு வருகிறேன். சாவியைத் தேடுகிற மாதிரி பையைக் கவிழ்த்துப்போட்டு நடித்துக்கொண்டிருந்தேன். அம்மா எழுந்துபோய் அரிசி டின்னுக்குள் கைவிட்டு, கறுப்புக் கயிற்றில் கோத்த ஒரு சாவியை எடுத்துவந்து என் முன்னால் வைத்தாள்.

"இது எங்கருந்தும்மா?"

"பூட்டு வாங்கினா ரெண்டு சாவிதான குடுப்பாங்க. ஒண்ண உனக்குக் குடுத்தாரு. ஒண்ணு அவரு அரைஞாண் கயித்துலயே கெடந்துச்சு. ஆஸ்பத்திரியில அவுத்து என் கையில குடுத்தாங்க."

அந்த உறைபனிக் காலையில் நீங்கள் என் கட்டிலுக்குப் பக்கத்தில் குனிந்து நின்றபோது, சாவி உங்கள் இடுப்பில் இருந்திருக்கிறது. பாய் கடையில் ஸ்வெட்டரைக் கழற்றித் திருப்பிக் கொடுத்தபோதும் இடுப்பில் இருந்திருக்கிறது. உங்களுக்குப் போட்டு அனுப்ப அம்மா கேட்டபோது அவள் முந்தானை முடிச்சில் இருந்திருக்கிறது.

"அப்ப எங்கிட்ட ஏம்மா கேட்ட?"

அம்மா என் முகத்தைப் பார்க்கவில்லை. பாத்திரங்களைச் சாக்கில் போட்டுக் கட்டிக்கொண்டே சொன்னாள். "உன் பெட்டி. நீதான குடுக்கணும்."

அன்றைக்கு என் பாக்கெட்டில் இருந்த கையை அவள் பார்த்திருக்கிறாள் என்று எனக்கு விளங்கியது. ஒன்பது வருஷம் அதை வைத்துக்கொண்டு எனக்குச் சோறு போட்டிருக்கிறாள், போனில் சாப்பிட்டாயா என்று கேட்டிருக்கிறாள்.

உங்கள் சாவியைப் போட்டுத்தான் திறந்தேன். துரு பிடித்திருந்தும் ஒரே திருப்பில் திறந்துகொண்டது. மூடியில் அந்தச் சுண்ணாம்பு எண் மங்கிக் கிடந்தது. துண்டு, டம்ளர், மிளகு டப்பா, சாக்ஸ், என் பேனா டப்பா. எல்லாம் நீங்கள் வைத்த வரிசையிலேயே. ஸ்வெட்டரில் பூச்சி அரிக்கவில்லை. கை மடிப்பின் உள்பக்கம் தையலோரத்தில் வெள்ளையாக ஏதோ படிந்திருந்தது, விரலால் தேய்த்தேன், மாவு.

அந்தக் கல்லூரிக்கு உண்மையை எழுதி அனுப்பலாமா என்று யோசித்தேன். அனுப்பலாம், அனுப்பினால் இன்னொரு நல்ல கடிதம் என்று பாராட்டுவார்கள். அதனால் உங்களுக்கு எழுதுகிறேன். நீங்கள் மறுக்கவில்லை. நீங்கள் கேட்டீர்கள். நான்தான் தரவில்லை.

இரண்டு சாவியையும் அந்தக் கறுப்புக் கயிற்றிலேயே சேர்த்துக் கட்டி என் பையில் போட்டுக்கொண்டேன். பெட்டி பெங்களூருக்கு வருகிறது, பூட்டில்லாமல். ஸ்வெட்டரைப் பெட்டிக்குள் திருப்பி வைக்கவில்லை.

இன்றைக்கு வெள்ளனே, நீங்கள் கிளம்புகிற நேரத்துக்கு, அதைப் போட்டுக் கழுத்து வரை பொத்தான் மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். தோள் எனக்குப் பெரிது, கை விரல்நுனி வரை வருகிறது. அம்மா படுத்தபடியே பார்த்துக்கொண்டிருந்தாள், எங்கே என்று கேட்கவில்லை. புல்லில் பனி வெள்ளையாக உறைந்திருந்தது. நீங்கள் பஜாருக்கு நடந்த வழியிலேயே, நீங்கள் நின்று மூச்சு வாங்கியிருக்கக்கூடிய இடத்திலெல்லாம் நின்று, மூஞ்சிக்கல் வரைக்கும் நடந்தேன். எனக்குக் கொஞ்சம்கூடக் குளிரவில்லை, அப்பா.